பிளேன் விழுந்து செத்தவர்

மழை பெய்து குளம் நிறைந்தது என்றால் நிறைந்தது குளம்தான், மழை அல்ல. மரம் விழுந்து செத்தான் என்றால், செத்தவன் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பிளேன் விழுந்து செத்தான் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவன் செத்தவனைத் தூக்கி உடனே பிளேனுக்குள் உட்கார வைத்துவிடுவான். அதுவும் ஓட்டுகிற சீட்டில்.

நான் ஜோசப்ராஜ். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தாராவிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன். என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் தமிழ்ப் போர்டை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். ஆகவே இலக்கணம் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். இந்த ஒரு வாக்கியத்தால் ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கப் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எனக்குக் கோபம் வராமல் யாருக்கு வரும்?

அந்த மனுஷன் மாரிக்கண்ணன். மெயின் ரோட்டில் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஊருக்குப் போகிறவர்களும் துபாய்க்குப் போகிறவர்களும் அறுந்த கைப்பிடியோடும் உடைந்த சக்கரத்தோடும் பெட்டியைக் கொண்டுவந்து போடுவார்கள். அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு முதலில் சக்கரத்தைத்தான் பார்ப்பார். வயது அறுபத்தேழு. பேர் போர்டில் மாரிக்கண்ணன் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. எழுதி என்ன பயன்? தெருவே அவரைப் 'பைலட்டு' என்றுதான் கூப்பிடுகிறது. அவருடைய கல்யாணப் பத்திரிகையிலேயே 'பைலட் கணேசபாண்டியன் அவர்களின் குமாரர்' என்று அடித்துவிட்டார்கள். அச்சாபீசில் போய் அதை அடித்துத் திருத்தச் சொன்னபோது, மாப்பிள்ளைக்கு நரம்புத் தளர்ச்சி என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

அவருடைய அப்பா கணேசபாண்டியன் பைலட் இல்லை. ஒருநாளும் பிளேனில் ஏறியது கூட இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நடந்தது இது. கணேசபாண்டியன் விமானப்படையில் சாதாரண சிப்பாய். பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு தளத்தில் வேலை. அப்போதுதான் ஜெட் விமானங்கள் புதிதாக வந்திருந்தன. ஓடுபாதை தொடங்குகிற இடத்தில் சக்கரம் வைத்த ஒரு சின்ன அறை இருக்கும், மேல்பாதி கண்ணாடி. அதில் உட்கார்ந்துகொண்டு, இறங்க வருகிற ஒவ்வொரு விமானத்தையும் பைனாகுலரில் பார்க்க வேண்டும். சக்கரம் இறங்கியிருந்தால் பேசாமல் இருக்கலாம். இறங்காவிட்டால் தடித்த குழாய் வைத்த ஒரு துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும். சிவப்பு வெளிச்சம் சீறிக்கொண்டு போகும். பைலட் அதைப் பார்த்ததும் இறங்காமல் மேலே தூக்கிவிடுவான். கணேசபாண்டியனின் வேலை அவ்வளவுதான். சக்கரம் பார்க்கிற வேலை.

ஒருநாள் மத்தியானம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் சக்கரத்தை இறக்க மறந்து, மிகவும் தாழ்ந்து வந்துவிட்டான். கணேசபாண்டியன் சுட்டார். பையன் சிவப்பைப் பார்த்தான், கைப்பிடியைத் தள்ளினான். பழைய விசிறி விமானமாக இருந்தால் தள்ளியதும் எகிறியிருக்கும். அந்தக் காலத்து ஜெட்டில் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும், இஞ்சின் மூச்சுப் பிடித்து வரும்வரை. காத்திருக்க உயரம் இல்லை. விமானம் நேராக அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்து வந்தது. பையன் சிவப்பைப் பார்த்தானா இல்லையா என்று உள்ளே இருந்தவருக்குத் தெரியாது. வெளியே குதிக்க நேரம் இருந்தது. இன்னொரு தடவை சுடவும் நேரம் இருந்தது. இரண்டையும் செய்ய நேரம் இல்லை. அவர் இன்னொரு தடவை சுட்டார்.

பையன் முறிந்த கையோடு எழுந்து நடந்து வந்தான். அறையோடு அதில் இருந்தவரும் எரிந்து போனார்.

திருநெல்வேலிப் பக்கத்து ஊருக்குத் தந்தி இங்கிலீஷில் வந்தது. தபாலாபீசில் அதைப் படித்தவர் தமிழில் சொன்னார்: பிளேன் விழுந்து கணேசபாண்டியன் செத்துட்டான். அவர் தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஊர் தப்பாகக் கேட்டது. அவரோடு வேலை பார்த்த கேரளாக்காரர் ஒருவர் சாமான்களைக் கொடுக்க வந்து, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மனைவி கோமதியம்மாளிடம் நடந்ததை விவரமாகச் சொன்னபோது, ஊர் கணேசபாண்டியனைப் பிளேன் ஓட்ட வைத்து அழுது ஓய்ந்திருந்தது. வயிற்றில் இருந்த பிள்ளைதான் மாரிக்கண்ணன்.

பைலட் என்றால் பெருமைதானே, இதில் என்ன நஷ்டம் என்று நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஸ்கூல்ல பயலுவ என்ன சொல்வானுவ தெரியுமா வாத்தியாரே? ஒங்கப்பன் பிளேனக் கீழ போட்டவன்தானலன்னு சொல்வானுவ. பைலட்டுன்னா அப்படித்தான அர்த்தம்? எங்கய்யா எதையும் கீழ போடல. அவரு மேலதான் போட்டாவ."



அகாலமாக அடிபட்டுச் செத்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படியே விடமாட்டார்கள். பட்டவன் என்று பீடம் போட்டுக் கும்பிடுவார்கள். கோமதியம்மாள் இரண்டு பிள்ளைகளோடு தாராவிக்கு வந்து தோல் கிடங்கில் உப்புத் தட்டுகிற வேலையில் சேர்ந்தபோது, தெரு மாரியம்மன் கோயில் ஓரமாகப் புருஷனுக்கு ஒரு செங்கல்லை நட்டார். தீயில் போனவர் என்பதால் சூடான எதையும் அவர் முன்னால் வைக்கக்கூடாது, சூடம் ஏற்றக்கூடாது. இளநீர், மோர், பழைய சோறு. அதோடு ஒரு டார்ச் லைட், கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியது. அந்த அம்மாள் இருந்தவரை இந்த முறை மாறவில்லை.

அவர் போன பிறகு துபாய் வேலைக்கு விசா கிடைக்காமல் அலைந்த ஒரு பையன், பைலட் சாமிதானே என்று ஒரு பிளாஸ்டிக் பிளேனை வாங்கி அந்தச் செங்கல் முன்னால் வைத்தான். அவனுக்கு மறுநாளே விசா வந்துவிட்டது. வந்துதான் தொலைந்ததே, இரண்டு நாள் கழித்து வந்திருக்கக் கூடாதா? அவ்வளவுதான். காட்கோபரிலிருந்தும் சான்பாடாவிலிருந்தும் பாஸ்போர்ட்டோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செங்கல்லைச் சுற்றிப் பொம்மை பிளேன்கள் குவிந்தன. டார்ச் பின்னால் எங்கேயோ போய்விட்டது. நான் வேதக்காரன், அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவன், இதையெல்லாம் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. ஆனால் மாரிக்கண்ணன் ஒருநாள் கேட்டார்.

"லாரி அடிச்சுச் செத்தவன் படத்துக்கு முன்னால எவனாவது லாரிப் பொம்மைய வைப்பானா வாத்தியாரே?"

இந்த வருஷம் காரியம் முற்றிவிட்டது. மாரிக்கண்ணனின் அக்கா மகன் மகேஷ்குமார், வாஷியில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை, நாற்பதை நெருங்கியும் கோயில் இளைஞர் மண்டலுக்குத் தலைவன். அவன் செங்கல்லை எடுத்துவிட்டு சித்திரைக் கொடைத் திருவிழாவுக்குள் ஆளுயரச் சிலை வைப்பதாக முடிவு செய்துவிட்டான். தலையில் ஹெல்மெட், கண்ணாடி, இடுப்பில் கை, காலடியில் ஜெட். கொடையன்று காலையில் கண் திறப்பு. கண் திறக்கும்வரைதான் அது சிலை. திறந்துவிட்டால் சாமி. அதன்பிறகு அதன் ஹெல்மெட்டைக் கூட யாரும் தொட முடியாது. மாரிக்கண்ணனுக்கு அதுவரைதான் அவகாசம். அதற்குள் அப்பாவைப் பிளேனிலிருந்து இறக்கித் தரையில் நிறுத்திவிட வேண்டும் என்று அலைந்தார்.

முதலில் கோயில் கமிட்டித் தலைவர் பிரம்மநாயகத்திடம் போனோம். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"வே மாரிக்கண்ணன், ஒமக்கு என்னவே கொறை? அவனவன் எங்கப்பன் கலெக்டரு, எங்கப்பன் பைலட்டுன்னு புளுகிட்டு அலையுதான். ஒமக்கு ஊரே சொல்லுது. வாயப் பொத்திக்கிட்டு இரியும்."

"அது நெசம் இல்லல்லா."

"சாமி காரியத்துல என்னவே நெசம், பொய்யி? விசா வருதா இல்லியா?"

விசா வருகிறது என்பதை மாரிக்கண்ணனால் மறுக்க முடியவில்லை.

அடுத்து மகேஷ். அவன் செல்போனைப் பார்த்தபடியே பேசினான்.

"மாமா, சக்கரம் பாத்தாரு, செவப்பு லைட் அடிச்சாருன்னா பப்ளிக்குக்கு ஒண்ணும் சமஜ் ஆவாது. பைலட்டுன்னா ஒரே வார்த்தை, முடிஞ்சுது. ஃப்ளெக்ஸ் வேற அடிச்சாச்சு. தாத்தாவ நான் பெருசாக்குதேன், நீரு ஏன் அவரச் சின்னதாக்குதீரு?"

மாரிக்கண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் மகேஷுக்கு போன் வந்துவிட்டது.

கடைசியாக ஆட்டோ பிடித்துச் செம்பூருக்கே போனோம், சிலை செய்கிற ஜீஷானின் பட்டறைக்கு. கணபதிகளுக்கும் சிவாஜி மகாராஜாக்களுக்கும் நடுவில் கணேசபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். அவர் கணேசபாண்டியனே இல்லை. மகேஷ் நெட்டில் எடுத்துக் கொடுத்த யாரோ ஒரு வெள்ளைக்கார பைலட்டின் முகம், அதில் நம் ஊர் மீசை. ஜீஷான் நல்ல பையன், எங்களுக்கு நாற்காலி போட்டு சாயா வரவழைத்தான். மாரிக்கண்ணன் இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். ஹெல்மெட் வேண்டாம், கண்ணாடி வேண்டாம், பிளேன் வேண்டவே வேண்டாம். கையில் சிவப்பு டார்ச் மட்டும் போதும்.

ஜீஷான் சிலையைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு வந்தான். "சாச்சா, டார்ச் தூங்கா தோ வாட்ச்மேன் லகேகா" என்றான். கையில் டார்ச் கொடுத்தால் வாட்ச்மேன் மாதிரித் தெரியுமாம்.

கேலியாகச் சொல்லவில்லை. தொழில்காரனாகத்தான் சொன்னான், மீசையை வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னான்.  திரும்பி வருகிற வழியில் சயான் சிக்னலில் ஆட்டோ நின்றபோது மாரிக்கண்ணன், "வாட்ச்மேன்னா வாட்ச்மேன்தான். முழிச்சிருந்து பாத்தவருதான" என்றார். 

கொடையன்று காலையில் கண் திறந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. அடைத்த கடைக்குள் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். "இனி என்னத்துக்கு, எல்லாம் முடிஞ்சிட்டு" என்றார். சரி, மனுஷன் ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தேன். என் கணக்கு எப்போது சரியாக வந்திருக்கிறது?

மத்தியானம் உச்சிப் பூசை. நையாண்டி மேளம் காதைக் கிழித்தது. மகேஷ்தான் பட்டவனுக்குச் சாமியாடுகிறவன். இரண்டு கையையும் இறக்கை விரித்ததுபோல் விரித்துக்கொண்டு, வாயால் ஊய்ங் என்று சத்தம் எழுப்பியபடி கோயிலிலிருந்து சந்து முனைவரைக்கும் ஓடுவான். பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களை அவன் கை தொட்டால் அந்த வருஷம் பயணம் உறுதி. சாமி உண்மையாகவே வந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணை மூடியிருந்தான், அது உண்மை.

அப்போதுதான் சந்து முனையில் மாரிக்கண்ணனைப் பார்த்தேன். கையில் அவர் அம்மாவின் டார்ச். எங்கிருந்து தேடி எடுத்தாரோ, துடைத்து, புது பாட்டரி போட்டு, புதுச் சிவப்புத் தாளும் ஒட்டியிருந்தார். சந்தின் நடுவில் நின்று அதை உயர்த்திப் பிடித்தார். சித்திரை வெயிலில் அந்த வெளிச்சம் யார் கண்ணில் படும்?

"நில்லுடே" என்று கத்தினார். "சக்கரம் எறங்கல. மேல தூக்குடே, மேல தூக்கு."

மேளத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மட்டும் கேட்டார்கள். கேட்டுவிட்டு என்ன செய்தார்கள்? மாமாவுக்கும் அருள் வந்துவிட்டது என்று பெண்கள் குலவை போட்டார்கள். குலவையைக் கேட்டதும் மேளக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். மேளம் ஏற ஏற மகேஷும் வேகம் கூட்டினான். நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, விலகும் விலகும் என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் விலகவில்லை. டார்ச்சை அணைத்து மறுபடி ஒரு தடவை போட்டார்.

மகேஷுக்கு நல்ல உடம்பு. அவன் அப்படியே அவர் மேல் விழுந்தான். சாக்கடை மூடியின் விளிம்பில் மாரிக்கண்ணனின் கால் மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டதாகச் சிலர் பிறகு சொன்னார்கள். மகேஷ் முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து நின்றான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தொடை எலும்பு. கட்டுப் போட்டு, காலை நீட்டிப் படுக்க வைத்தார்கள். அன்று சாயந்தரமே பிரம்மநாயகம் கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டார். அவர் போட்டதை அப்படியே எழுதுகிறேன்: "இன்று கொடையில் மகேஷ்குமார் விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. அனைவரும் பிரார்த்திக்கவும்."

படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. தமிழ் வாத்தியாராக இருந்து நான் என்னத்தைக் கிழித்தேன்?

மறுநாள் காலையிலிருந்து மகேஷின் வீட்டில் கூட்டம். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, ஆப்பிள், தைலம். அவன் இரண்டு காலில் நின்று கதவைத் திறக்கிறான், வந்தவர்கள் அவன் காலைப் பார்த்துக்கொண்டே, எந்தக் கால் என்று கேட்கிறார்கள். எனக்கு ஒண்ணுமில்லை, மாமாவுக்குத்தான் என்கிறான். சாமி காப்பாத்திட்டு என்று சொல்லிவிட்டு, இருந்தாலும் ஜாக்கிரதையா நட என்று ஹார்லிக்ஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாஷி ஆபீசில் அவன் கேட்காமலேயே ஒரு வாரம் லீவு போட்டுவிட்டார்கள். குரூப்பில் அவனே குரல் பதிவு போட்டுப் பார்த்தான்: நான் விழுந்துதான் கால் ஒடிஞ்சது, ஆனா என் கால் இல்லை. அது இன்னும் குழப்பிவிட்டது. அவனுக்குத் தலையிலும் அடி பட்டிருக்கிறது என்று செய்தி பரவியது.

மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். இரண்டு கையிலும் பை. நான் மாரிக்கண்ணனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் பைகளைக் கட்டில் மேல் வைத்தான். ஷேவ் செய்யாத முகம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இதெல்லாம் ஒமக்கு வரவேண்டியது மாமா. எனக்குக் குடுத்துட்டுப் போறானுவ."

மாரிக்கண்ணன் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னாலும் ஒருத்தனும் காதுல வாங்க மாட்டேங்கான். எங்காலத் தூக்கிக் காட்டுதேன், அப்பவும் பாத்துட்டு, பாவம் வலிக்குதான்னு கேக்கான். ரெண்டு நாள்ல பாகல் ஆயிட்டேன் மாமா, பைத்தியமே புடிச்சிட்டு."

"ரெண்டு நாளு" என்றார் மாரிக்கண்ணன்.

அவ்வளவுதான் சொன்னார். குரலில் குத்தல் கூட இல்லை. மகேஷ் தலையைக் குனிந்துகொண்டு கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றான். சிலை அங்கே கண் திறந்து நிற்கிறது, இனி அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.  பிறகு அவன் கேட்டான்.

"தாத்தா எங்கன நின்னாரு மாமா?"

மாரிக்கண்ணன் கையிலிருந்த கஞ்சித் தம்ளரை என்னிடம் கொடுத்தார். அவர் பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. நான்கூடக் கேட்டதில்லை, அவராகச் சொல்லத்தான் கேட்டிருக்கிறேன்.  பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, நீட்டியிருந்த கட்டுக்காலுக்குப் பக்கத்தில், போர்வையின் மேல் வைத்தார்.

"இந்தக் காலுதான் ரன்வேன்னு வச்சிக்கோ. இங்கனதான் அவரு."

"அப்ப பிளேனு?" மகேஷ் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, தலைமாட்டுப் பக்கமாக உயரத் தூக்கினான். "இந்தப் பக்கமிருந்தா, அந்தப் பக்கமிருந்தா?"

மாரிக்கண்ணன் அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"அதக் கீழ வையிடே. மொதல்ல அந்த ஆளப் பாரு."

மகேஷ் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஆரஞ்சைப் பார்த்தான்.